முன்னால் போன முகம்

மூன்று வருடங்களுக்கு முன், பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்தன்று மாலை. நானும் கணவரும் ஒன்பது வயது மகனும் அடையாறிலிருந்து நடந்தே போனோம். குழந்தை இல்லாமல் இருந்த காலத்தில் அங்கே தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டோம். பிறந்த பிறகு, ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் அவனுக்குக் காவிச் சட்டை போட்டு அழைத்துப்போவது எங்கள் வழக்கம்.

வேண்டுதலோடு சிகிச்சையும் இருந்தது. கணவருக்குக் குறை இருந்ததால், யாரென்று தெரியாத ஒருவர் தானமாகக் கொடுத்த விந்தணுவில் பிறந்தவன் அவன். எங்கள் இருவரையும் மருத்துவமனையையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அவனுக்கும் தெரியாது. எங்கேயாவது காத்து நிற்கும்போது இடது காலைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருப்பான். "அப்படியே தாத்தா நிக்கிற மாதிரியே நிக்கிறான் பாரு" என்று மாமியார் வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். கணவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்புக்குக் குந்தகம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

கோயில் தெருமுனையில் மெழுகுவத்தி விற்கும் அம்மாவிடம் மகன் கையை நீட்டினான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, இப்பத்தான வாங்கினு போன? அதுக்குள்ள ஏத்திட்டியா?"

நாங்கள் சிரித்தோம். கூட்டத்தில் எல்லாப் பையன்களும் காவிதான், ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். செருப்பு வாங்கி வைக்கும் இடத்தில், அங்கிருந்தவர் அவனைக் கண்டதும் கேட்காமலே ஒரு ஜோடி நீலச் செருப்பை எடுத்து முன்னால் போட்டார். "இது என்னோடது இல்ல" என்றான் மகன். "உன்னோடதுதான்டா, நீதான குடுத்த?" என்று அவர் எரிச்சல்பட்டார். வரிசையை ஒழுங்குபடுத்திய தொண்டர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, நீ அப்பவே உள்ள போய்ட்டு வந்துட்டியே" என்றார்.

மகன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "அம்மா, நான் உங்க கூடத்தான இருந்தேன்?" என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்களுக்குச் சற்று முன்னால், எங்கள் பிள்ளையாக யாரோ அந்தத் தெரு முழுக்கப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

கொடி ஏறத் தொடங்கியது. "மரியே வாழ்க" என்ற குரலோடு அத்தனை தலைகளும் மேலே நிமிர்ந்தன. ஒரு தலை மட்டும் நிமிரவில்லை. தொட்டில் கட்டும் இடத்தருகே ஒரு பையன், இடது காலைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்தபடி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே நெற்றி. ஒரு பக்கம் மட்டும் மேலேறும் அதே புருவம். என் மகனும் கொடியைப் பார்க்கவில்லை.

அந்தப் பையனின் அம்மா குங்குமமும் மல்லிகையுமாக இருந்தார். அவரும் மாதாவிடம் வேண்டிப் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும். என் மகனைப் பார்த்தார், பிறகு என் கணவரை, பிறகு என்னை. அருகில் வந்து, உதடு அசைவது தெரியாமல் கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் கணவர் தி.நகர் மருத்துவமனையின் பெயரைச் சொல்லிவிட்டார். 'எங்களுக்கும் அங்கேதான்' என்பதுபோல் அந்தப் பெண் தலையை அசைத்தார். "மாமியார் மெழுகுவத்தி ஏத்தப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள போய்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திரும்பி நடந்தோம். பின்னாலிருந்து அந்தப் பையன் கத்தினான்: "டேய், உன் பேர் இன்னாடா?" என் மகன் திரும்பி நின்று சொன்னான். அதற்குள் வெடி வெடித்தது. அந்தப் பையனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் அம்மாளைப் போய்ப் பார்த்தோம். என் கணவரின் ஒரே கேள்வி, இவன் தன் பிள்ளை இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா என்பதுதான். "கல்யாணம் ஆன தம்பதிக்குப் பொறந்த கொழந்தை. சட்டத்துக்கு நீங்கதான் அப்பா. தானம் குடுத்தவனுக்கு ஒரு உரிமையும் கிடையாது, பயப்படாதேங்கோ" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றதைச் சொன்னார். ஒருவரின் தானம் ஒரே தம்பதிக்குத்தான் என்று இப்போது சட்டம் இருக்கிறது. எங்கள் மகன் பிறந்தபோது அது இல்லை, வழிகாட்டு நெறிகள் மட்டும்தான். அந்த ஒருவருடையது எத்தனை வீடுகளுக்குப் போனதென்று கேட்டு வாங்க எங்களுக்கு வழியில்லை. "இப்ப பார்த்தது பையன். நாளைக்கு இவனுக்குக் கல்யாண வயசு வரும். காலேஜ்ல ஒரு பொண்ணைப் பார்ப்பான். யோசிச்சுப் பாருங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது கணவரே மகனிடம் சொன்னார், கடினமான வார்த்தை எதுவும் இல்லாமல். சொல்லி முடித்ததும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மகன் கேட்டான்.

"அப்ப இன்னும் எத்தன பேருப்பா இருக்கோம்?"

"தெரியாதுடா."

"சரி" என்று சொல்லிவிட்டு, எப்போதும் போல, அப்பா தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தான். அதற்குப் பிறகுதான் அவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

கொடியேற்றத்துக்கு இப்போதும் போகிறோம். நீலச் செருப்புக்காரனைத் தேடி என் மகன் தொட்டில்கள் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பான். அவர்கள் மறுபடி வரவில்லை. ஆனால் அவனுக்கு இப்போது காவிச் சட்டை போடுவதில்லை, வேறு நிறம்தான்; கூட்டத்தில் கை நழுவினால், முகத்தை வைத்து என் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. இன்றும் நான் முதலில் தேடுவது சட்டையின் நிறத்தைத்தான்.