நரம்பில்லாத பல்லின் வலி

பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். "ரூட் கேனால் சூப்பரா வந்திருக்கு மேடம். மேல போட்ட கேப்பும் கச்சிதம். நரம்பே இல்லாத பல்லு, வலிக்க வாய்ப்பே இல்ல."

நல்ல செய்திதான். பல்லுக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மாதக்கணக்காக, காபி பட்டாலே கன்னத்துக்குள் கடப்பாறை இறங்குகிறது.

வீட்டுக்கு வந்து கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டேன். இந்த வாசனை மற்றவர்களுக்குப் பிரியாணியை நினைவூட்டுமாம், கொடுத்து வைத்தவர்கள். எனக்கு ஜவ்வாது மலை பஸ்தான்.

அப்போது ஜமுனாமரத்தூர் பக்கம் நான் புது டீச்சர். கடைவாய்ப் பல் வலித்தது. அறிவியல் பாடம் எடுக்கிறவளாயிற்றே, தானாகச் சரியாகும் என்று விஞ்ஞானபூர்வமாகக் காத்திருந்தேன். கன்னம் பன் மாதிரி உப்பி, காய்ச்சல் ஏறி, வாய் திறக்க முடியாமல் போனபிறகுதான் வேலூர் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் குப்பம்மா. கண்ணமங்கலம் சந்தையில் புளி விற்கப் போகிறவள். "இன்னா டீச்சர், மூஞ்சி இப்டி வீங்கி கீது?"

அவ்வளவுதான், பஸ் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. முன் சீட்டு உப்புத் தண்ணீர் என்றது, பின் சீட்டு ஒத்தடம் என்றது. கண்டக்டர் பையிலிருந்து கிராம்புத் தைலம் எடுத்துத் தந்தார். திறக்காத வாயில் எங்கே விடுவது? குப்பம்மா கன்னம் முழுக்கத் தேய்த்துவிட்டாள். இப்போது கண்ணும் எரிந்தது.

மலை இறங்குவதற்குள் தொண்டையும் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண்ணமங்கலத்தில் நிறுத்தினால் கூரைமேல் இருக்கும் மூட்டைகளை இறக்கவே நேரமாகும். குப்பம்மா எழுந்து டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

"நிறுத்தாதப்பா! நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு. நாங்க அடுத்த பஸ்ல திரும்பி வந்துக்குறோம்."

இறங்க வேண்டியவர்கள் யாரும் மறுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா மூச்சே நின்னிருக்கும்" என்று டாக்டர் திட்டிக்கொண்டே ஊசி போட்டு, சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கினார். வெளியே மூட்டைகளோடு குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். சந்தை கலைந்திருக்கும்.

"உன் புளி?" என்று சைகையில் கேட்டேன்.

"புளிக்கு இன்னா? நாளைக்கும் புளிக்கத்தான போவுது" என்றாள்.

அண்மையில் அதே பஸ்ஸில் போனேன். ரோடு வழுவழு. எல்லார் காதிலும் ஒயர். எதிரில் ஒரு இளைஞர் கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"இன்னாப்பா, பல்லா?" என்று கேட்டேன்.

ஒரு காதை மட்டும் விடுவித்து, "ஒண்ணுமில்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை இறங்கும்வரை அந்த பஸ்ஸில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.