கழுத்தில் கட்டி இல்லாத ஆடு

வேலப்பன்சாவடி ஆய்வகத்தில், கட்டி வராத தடுப்பூசிக்காக அதீபா வருடக்கணக்காக மல்லுக்கட்டியதற்கு அவள் அண்ணன் நஜீர்தான் காரணம். பூந்தமல்லியில் ஆடு வளர்க்கும் அவர், தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசி போடவே விடமாட்டார். பழைய எண்ணெய் மருந்து கழுத்தில் கட்டியை விட்டுவிடும். பக்ரீத் குர்பானிக்குக் குறையில்லாத ஆடு வாங்க வருகிறவர்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள்; கட்டி இருந்தால் வாங்கமாட்டார்கள். போன மழையில் அந்த நோய்க்குப் பாதி மந்தை போனது.

இன்று சோதனை ஆடுகளைக் காட்ட அண்ணனை அழைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு கழுத்தாகத் தடவினார்.

"இன்னும் ஊசி போடலியா?"

"போட்டு ஒரு மாசம் ஆச்சிண்ணே."

மறுபடியும் தடவினார், மெதுவாக. "இத்த முன்னாடியே கண்டுபுடிச்சிருந்தா என் ஆடுங்க பொயச்சிருக்கும்."

பழைய ஊசியைப் போட்டிருந்தாலும் பிழைத்திருக்கும், கட்டியோடு. அதீபாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, அடுத்த ஆட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.