பாதிமலை விஜிலியோ

விஜிலியோவைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் புகழ்ந்தும் பேசுவார்கள், பழித்தும் பேசுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேற்கே மேகம் கறுத்தால் மனிதன் திரும்பிவிடுவான். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி, கூட வந்த வெளியூர்க்காரர் காலில் விழுந்து கெஞ்சினாலும் சரி, கயிற்றைச் சுருட்டிவிடுவான். மதுக்கடையில் அவனுக்குப் 'பாதிமலை' என்று பெயர் வைத்தார்கள். அவனை நம்பிக் கயிற்றில் கட்டிக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட நகம் பெயர்ந்ததில்லை. அதைப் பாராட்டத்தான் எவனுக்கும் வாய் வரவில்லை.

குளிர்காலத்தில் பால் சங்கத்தில் பாலாடைக்கட்டி செய்வான். கோடையில் மலை வழிகாட்டி. அவனும் யாக்கோவும் ஒரே வகுப்பில் அடி வாங்கியவர்கள், ஒரே வருஷம் வழிகாட்டிப் பட்டயம் வாங்கியவர்கள். விஜிலியோ நிதானம், யாக்கோ பட்டாசு. இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள். ஊருக்கு மேலே நிற்கும் கருஞ்சுவரை அதுவரை எவனும் ஏறியதில்லை. இவர்கள் இரண்டு கோடையாக அதில் ஆணி அடித்து, பாதிவரை வழி கண்டுபிடித்து, இரண்டு முறையும் மழைக்குப் பயந்து திரும்பியிருந்தார்கள். திருப்பியவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் கோடையில் விஜிலியோவின் மனைவி பிலோமேனா ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுடைய அண்ணனை ஒரு கோடை இடி மலை உச்சியிலேயே கரிக்கட்டையாக்கியிருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள், ரொட்டி உருண்டை மிதக்கும் சூப்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"முதல் இடி கேட்டதும் இறங்கிடுவியா?"

"இறங்கிடுவேன்."

"சும்மா தலையாட்டாத. என் வயித்துல கை வெச்சுச் சொல்லு."

கை வைத்துச் சொன்னான். எதிரே யாக்கோ இரண்டாவது தட்டை வழித்துக்கொண்டிருந்தான். "இவனைத் திரும்ப வைக்க இடி வேற வேணுமா? ஒரு தவளை கத்தினா போதும்" என்றான். பிலோமேனாகூடச் சிரித்துவிட்டாள்.

கருஞ்சுவரின் நடுவில், பெரிய கூரை போலத் துருத்திய பாறைக்கு அடியில், வழுக்கலான பாறை ஒன்று குறுக்கே கிடக்கும். கை வைக்கப் பிடியே கிடையாது. உயரத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் கயிறு மாட்டி, கயிற்றில் சாய்ந்தபடி கீழ்நோக்கிச் சரிந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தக் கயிற்றைக் கட்டி அங்கேயே விட்டுப் போனால்தான் திரும்பி வர முடியும். நேராகக் கீழே இறங்கவும் வழியில்லை. அந்த இடத்தில் சுவர் உள்வாங்கிக் கிடக்கிறது, காற்றில்தான் தொங்கலாம்.

விஜிலியோ கயிற்றை ஆணியில் கட்டிவிட்டு முதலில் கடந்தான். மூலை திரும்பி, மேலே போகும் இடுக்கில் ஏறி நின்று, பின்னால் வந்த யாக்கோவுக்குக் கயிறு பிடித்தான். அங்கிருந்து வழுக்குப்பாறை கண்ணுக்குத் தெரியாது. யாக்கோ வந்து சேர்ந்தான். இருவரும் மேலே ஏறினார்கள்.

மத்தியானம் தாண்டியதும் காற்று நின்றது. இடுப்பில் தொங்கிய ஆணிகள் தேனீக்கூடு போல ரீங்கரித்தன. அந்தச் சத்தம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்தது என்ன என்பதும் தெரியும். முதல் இடி சுவரையே உலுக்கியது.

"இறங்கு!" என்று கத்தினான் விஜிலியோ.

ஆலங்கட்டி மண்டையைப் பதம் பார்க்க, ஆணி ஆணியாகக் கீழே வந்தார்கள். இடுக்கு அதற்குள் அருவியாகியிருந்தது. விஜிலியோ மூலையைத் திரும்பிப் பார்த்தான். வழுக்குப்பாறை மேல் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கயிறு இல்லை.

"கயிறு எங்கடா?"

"மின்னல் அறுத்திருக்கும்."

"அறுத்தா ஒரு துண்டாவது ஆணியில தொங்காதா? ஆணி மொட்டையா நிக்குது பாரு!"

ஒருவர் உட்காரவே போதாத திட்டில் இருவரும் முதுகை ஒட்டிக்கொண்டு ஒடுங்கினார்கள். ரொட்டி எடுக்க யாக்கோவின் பைக்குள் கை விட்டான் விஜிலியோ. விரலில் ஈரக் கயிறு தட்டியது.

வெளியே இழுத்துப் பார்த்தான். வழுக்குப்பாறையில் அவன் கட்டிவிட்டு வந்த அதே கயிறு. யாக்கோவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தான்.

"எடுத்துட்டேன்" என்றான் யாக்கோ. "நீ கட்டினதை அவிழ்த்து ஆணியில ரெட்டையா மாட்டி, இந்தப் பக்கம் வந்து உருவிட்டேன். அது இருந்தா நீ திரும்பிடுவ. கீழ புல்வெளியில மியூனிக்ல இருந்து வந்த ஜெர்மன்காரனுங்க கூடாரம் போட்டு உக்காந்திருக்கானுங்க. நாம இறங்கினா அடுத்த நாளே அவனுங்க ஏறுவானுங்க. நாம அடிச்ச ஆணியைப் பிடிச்சே ஏறுவானுங்கடா!"

"அவகிட்ட நான் என்ன சத்தியம் பண்ணேன்னு உனக்குத் தெரியும். அதே மேசையில உக்காந்துதானே தின்ன?"

"தெரியும். அதான் உன்கிட்ட கேக்கல."

கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கழுத்துக்காரன் உயிரோடு இருந்தால்தான் தனக்குக் கயிறு பிடிக்க ஆள். துரோகத்தில் இப்படியும் ஒரு வகை உண்டு. செய்தவனோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, அவன் உடம்புச் சூட்டில் குளிர்காய்ந்து, விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் கண்ணாடி போலப் பனி பூசிய இடுக்கில் விஜிலியோதான் முன்னால் ஏறினான். இவ்வளவு நன்றாக அவன் அதற்கு முன்பும் ஏறியதில்லை, பின்பும் ஏறியதில்லை. கையில் தோல் கிழிந்து தொங்கியது. உச்சியில் யாக்கோ கட்டிப்பிடித்தபோது மரம் போல நின்றான். பின்பக்கத்துச் சரிவு ஆடு இறங்கும் வழி. அதில் இறங்கி ஊருக்கு வந்தார்கள்.

சதுக்கத்தில் ஊதுகுழல்காரர்கள் தொப்பியில் இறகு செருகி நின்றார்கள். யாக்கோ நீரூற்றுத் திண்டின் மேல் ஏறினான்.

"இனிமே எவனாவது பாதிமலைன்னு கூப்பிட்டா பல்லு இருக்காது! இடி விழுந்ததும் இறங்கிடலாம்னு நான் கெஞ்சினேன். இவன்தான், இறங்க நான் என்ன கிழவனான்னு கேட்டான். திரும்புற கயித்தையே எடுக்கச் சொல்லிட்டான்!"

ஊரே அலறியது. விஜிலியோவைத் தோளில் தூக்கினார்கள். செய்த பாவத்துக்கு ஈடாக, ஏறிய புகழ் முழுவதையும் நண்பனுக்கே கொடுத்துவிட்டதாக யாக்கோ நினைத்திருக்கலாம். மடையன். தோள்களுக்கு மேலிருந்து விஜிலியோ பிலோமேனாவைத் தேடினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், முதுகைக் காட்டி வீட்டுக்கு நடந்தாள்.

அவன் போனபோது வெந்நீர் தயாராக இருந்தது. கையைக் கழுவிவிட்டாள். முகம் பார்க்கவில்லை.

"இடி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. உடனே திரும்பினேன், பிலோமேனா. கயிறு இல்ல. அவன்தான் உருவிட்டான், அவன் பையிலயே இருந்துச்சு."

"முன்னால போனது யாரு?"

"நான்தான்."

"நான் மலைக்காரன் தங்கச்சி. முன்னால போறவன் சொல்லாம பின்னால வர்றவன் ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டான். கயித்தையா எடுப்பான்? என்கிட்டயே கதை விடுறியா?"

அது உண்மைதான். எங்கள் ஊரில் அதுதான் சட்டம். பாட்டன் காலத்திலிருந்து எவனும் மீறியதில்லை. அந்த முறையே விஜிலியோவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாக்கோவைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனான்.

"அவ ஒருத்திகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. ஊருக்கு வேணாம்."

"அவகிட்ட சொன்னா அது ஊருக்குச் சொன்ன மாதிரிதான்டா. அப்புறம் என்னை எவன் கயித்துல கட்டிப்பான்? பட்டயத்தைப் பிடுங்கிடுவானுங்க. நீ இப்ப சிங்கம். அதை எதுக்குக் கெடுத்துக்கிற?"

இலையுதிர் காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம். பிலோமேனா கணவனைக் கேட்காமலே பாதிரியாரிடம் யாக்கோவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அவனா?" என்றான் விஜிலியோ.

"அவன்தான். அன்னைக்கு உன்னை இறங்கச் சொல்லிக் கெஞ்சினது அவன் ஒருத்தன்தானே? என் பிள்ளைக்கு அப்படி ஒருத்தன் துணைக்கு வேணும்."

கோவிலில் யாக்கோ குழந்தையைப் பதமாக ஏந்தி நின்றான். அழுதான்கூட. விஜிலியோ பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்றான். மகன் வளர்ந்தான், ஓட ஆரம்பித்தான், தெருவே கதி என்று கிடந்தான். சாயங்காலம் சூப் ஆறுவதற்குள் அவனைக் கூப்பிடுவது அப்பாவின் வேலை. விஜிலியோ வாசலில் நின்று, "யாக்கோ, வா" என்று கூப்பிடுவான்.