வயல், களப்பு, தோப்பு: எதைப் போடுவது?

போன கிழமை ஆலையடிவேம்பிலிருந்து ஒரு டீச்சர் கோல் எடுத்தார். குரலில் கோபமில்லை... களைப்பு.

"தம்பி, உங்கட லினக்ஸைப் போட்டன். கம்பியூட்டர் எல்லாம் ஸ்டக் ஆகி நிக்குது. பாடம் முடியுமட்டும் பிள்ளையள் கறுப்புத் திரையைப் பாத்துக்கொண்டு இருந்ததுகள்."

"எதைப் போட்டீங்க டீச்சர்?"

"வயல். எங்கட பிள்ளையள் வயல்காரர்ர பிள்ளையள்தானே!"

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது.

லினக்ஸ், கணினியை இயக்கும் இலவச மென்பொருள். யாரும் தமக்கேற்றபடி மாற்றிக்கொள்ளலாம். கல்முனையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் நானும், கட்டாரில் வேலை செய்யும் என் கூட்டாளி நௌசாத்தும் அதைத் தமிழில் அமைத்து மூன்று பதிப்புகளாக்கினோம். புதிய கணினிக்கு 'வயல்', பழையதற்கு 'களப்பு', அலுவலகத்துக்கு 'தோப்பு'. நெல்வயல், கடலோரக் காயலான களப்பு, தென்னந்தோப்பு என எங்கள் ஊரில் இருப்பவற்றின் பெயர்களை வைத்தது நௌசாத். அழகுதான் — ஆனால் எது எதற்கென்று யாருக்கு விளங்கும்? டீச்சரிடம் இருந்தவை அத்தனையும் பழைய கணினிகள்!

அவருக்குக் களப்பை அனுப்பிவிட்டு, நௌசாத்துக்கு கோல் எடுத்தேன்.

"மச்சான், பேரை மாத்துவம். பழைய கணினிப் பதிப்பு, புதிய கணினிப் பதிப்பு, அலுவலகப் பதிப்பு. பாத்த உடனே விளங்கணும்."

 

"நீ கடையப் பூட்டிட்டு ஊருக்குள்ள நடப்பாய்," என்றான் மெதுவாக. "எனக்கு இஞ்ச என்ன இருக்கு? வேலை முடிஞ்சி வந்து, நான் வச்ச அந்த மூணு பேரையும் ஒருக்கா பாத்துட்டுத்தான் மச்சான் படுப்பன்."

 பெயர் வைக்கிறவன், அதை வாசிக்கப்போகிறவனை நினைக்க வேண்டும். சரிதான். ஆனால் பாலைவனத்தில் இருந்துகொண்டு பெயர் தேடுகிறவனுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்? உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படி இருப்பார் — வாப்பாவோ, நானாவோ தம்பியோ, மகனோ...

நான் வற்புறுத்தவில்லை.

இரண்டொரு நாளில் டீச்சர் ஒரு படம் அனுப்பினார். கணினிகள் ஓடுகின்றன, பிள்ளைகள் தமிழில் தங்கள் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஒன்றும் எழுதாமல் அப்படியே நௌசாத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் பார்த்தால், மூன்று பெயர்களையும் அவனே மாற்றியிருந்தான். கூடவே ஒரு வொய்ஸ் மெசேஜ்.

"ஓம் மச்சான், நீ சொன்னதுதான் சரி. பிள்ளையள் இனிச் சும்மா இருக்கப்படாது." பிறகு, "வெள்ளிக்கிழம எனக்கு லீவு. பின்நேரம் அசர் தொழுதுட்டு கடற்கரைக்குப் போய் ஒரு வீடியோ கோல் எடு."

போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுப்பவர்கள் யார், மீன் பட்டதா என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"கதைக்காத மச்சான். ஃபோன அப்படியே கடல் பக்கம் பிடி."

டேட்டா முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.