நன்றிப் பட்டியலில் ரஃபீக்கா

ஸ்ஃபாக்ஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ரஃபீக்கா ஆறு வருடம் உழைத்தாள். ஒரு கோப்பைப் பத்துத் துண்டாக்கிப் பத்துக் கணினிகளில் வைத்தால், நான்கு பழுதானாலும் முழுக் கோப்பையும் மீட்கும் வழியைக் கண்டுபிடித்தாள். கட்டுரை வெளிவந்தபோது அதில் ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் ஷாத்லியின் பெயரும் அவர் மருமகன் பெயரும்தான் இருந்தன.

"என் பேரு எங்க, உஸ்தாத்?" என்று தன் ஆசிரியரிடம் கேட்டாள்.

"கடைசிப் பக்கத்துல நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலையா மகளே?"

அடுத்த மாதம் பாரிஸ் மாநாட்டில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் இடைவேளையில் போன் செய்தார். "துண்டு தொலையாம, தப்பா மாறிப்போனா உன் வழி எப்படிம்மா கண்டுபிடிக்கும்?"

"உங்க மருமகனைக் கேளுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் மேடையில் ஏதாவது உளறித் தன் ஆறு வருட உழைப்பைக் கெடுத்துவிடுவாரே என்று பயந்து, விளக்கிச் சொன்னாள்.

ஊர் திரும்பியவர் அவளிடமே பெருமையடித்தார்: "நான் சொன்ன பதிலுக்கு என்ன கைதட்டல் தெரியுமா!"