இரண்டு பேருக்கும் ஒரே ‘ஹீ’

தகடு வெட்டும் அந்த ஆலையில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விசாரணைகளில் தொழிலாளர்கள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, ஆங்கிலத்தில் அயற்கூற்றாக மாற்றி அடிப்பது அவள் வேலை. ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகும், ‘இப்போது’ ‘அப்போது’ ஆகும். பள்ளியில் படித்த அந்த விதிகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினாறு வருஷத்தில் ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.

பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த ஆபரேட்டர் கட்டுப்போட்ட கையோடு விசாரணைக்கு வந்தார். “நான் மெஷினை நிறுத்திட்டேன், நீ கைய விடு” என்று ஃபோர்மேன் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். அக்கா அடித்துக் கொடுத்தாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றாள். இடது கையால் கோணல்மாணலாகப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி ஒரு உத்தரவைக் கொண்டுவந்து படித்துச் சொல்லும்படி கேட்டாள். மெஷினை நிறுத்தியவர் தாம்தான் என்று ஆபரேட்டரே ஒப்புக்கொண்டிருப்பதால், அது சரியாக நிற்காமல் நடந்த விபத்து அவர் கவனக்குறைவு, வேலையிலிருந்து நீக்கம் என்று இருந்தது.

“நிறுத்திட்டேன்னு சொன்னது ஃபோர்மேனுங்க. இவரு இல்ல” என்றாள் மனைவி.

அக்கா தான் அடித்த வாக்குமூலத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். தமிழில் ‘தான் நிறுத்தியதாக’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் ஃபோர்மேனுக்கும் ‘ஹீ’, ஆபரேட்டருக்கும் ‘ஹீ’. யாருக்கு வேண்டுமோ அவர்கள் தங்களுக்குத் தோதாகப் படித்துக்கொள்ளலாம்.

சுருக்கெழுத்து நோட்டோடு விசாரணை அதிகாரியிடம் போனாள். கையெழுத்தான தாளைக் கிளற வேண்டாம் என்றார் அவர்.

“கிராமர்ல தப்பே இல்லையேம்மா.”

“இல்ல சார். ஆனா யாரு நிறுத்துனதுங்கறது போயிடுச்சு. திரும்ப விசாரிங்க, நானே வந்து சாட்சி சொல்றேன்.”

மறுவிசாரணை நடக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஃபோர்மேன் அவளோடு பேசுவதை நிறுத்தினார், மேலாளர் அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார். அவள் அசையவில்லை. கடைசியில் உத்தரவு ரத்தானது. ஆபரேட்டருக்கு ஸ்டோர் ரூமில் வேலை கிடைத்தது.

முதல் நாளே அவள் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் நட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்குன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க” என்றார், தலை நிமிராமல்.

அவர் ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தாள்.