கூரைப் பட்டு கட்டிய மரப்பாச்சி

பழைய பொம்மை என்றால் எனக்குப் பைத்தியம். எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் தையல் டீச்சராக இருந்தேன். சனிக்கிழமை ஆனால் காயலான் கடையில்தான் கிடப்பேன். வாங்குவதோடு விடமாட்டேன், எந்த வீட்டுப் பொம்மை என்று துப்புத் துலக்கினால்தான் தூக்கம் வரும்.

ஒரு முறை கிடைத்தது ஓர் ஆண் மரப்பாச்சி, தனியாக. இடுப்பில் அழுக்குப் பட்டுத் துணி. பெரிய மேதாவி நான்! அதை உருவி, பழைய ஜரிகை வாங்க வந்தவரிடம் போட்டுவிட்டுப் பொம்மையைத் துடைத்து வைத்தேன். பிறகுதான் விசாரிக்கக் கிளம்பினேன். கல்யாணச் சீராக வரும் மரப்பாச்சி ஜோடியை யாரும் பிரிக்கமாட்டார்கள். அப்படியானால் எங்கோ ஒரு பெண் பொம்மை தனியாக நிற்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டில் நின்றது. கொலுவுக்கு முதல் நாள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். மாமியார் மருமகளை வாசலில் நிறுத்திவைத்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பொறந்த வூட்டுக்குக் கடத்திட்டியா? விளக்கு வைக்கிறதுக்குள்ள பொம்மை வரலன்னா, நீயும் அங்கயே போய்டு!"

உள்ளே மகன் தறியை விட்டு எழவில்லை. நெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணின் காலடியில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

நான் பொம்மையை நீட்டினேன்.

"இது எங்களுது இல்லமா. எங்களுதுக்கு என் கூரைப்புடவைத் துண்டுல வேட்டி கட்டியிருக்கும்" என்றாள் மாமியார்.

நான் உருவிப் போட்ட துணி அதுதான்! ஓடினேன். இரண்டு தெரு தள்ளி ஜரிகைக்காரர், வாங்கிய துணிகளை இரும்புச் சட்டியில் கொளுத்திக்கொண்டிருந்தார். பட்டு எரிந்தால்தானே ஜரிகையில் உள்ள வெள்ளி மிஞ்சும்! "யம்மா, கையி!" என்று அவர் அலற அலற உள்ளே கையை விட்டேன். பாதி கருகிய துண்டு வந்தது.

கொப்புளத்தோடு திரும்பினேன். மாமியார் துண்டைப் பெண் பொம்மையின் சேலையோடு ஒட்டிப் பார்த்தாள். அதே கரை.

"எங்க கெடச்சுது?"

"காயலான் கடையில. யாரோ ஒரு ஆம்பள கொண்டாந்து போட்டாராம்."

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

மாமியார் திரும்பிப் பார்த்தாள். மகன் தலை தூக்கவில்லை. மாமியார் மருமகளின் துணிப்பையைத் தானே எடுத்து உள்ளே வைத்தாள். இரண்டு பொம்மைகளையும் மருமகள் கையில் கொடுத்தாள்.

"நீயே படியில வைம்மா."

மருமகள் பெண் பொம்மையைக் கொலுப்படியில் வைத்தாள். ஆண் பொம்மையைக் கொண்டுபோய்த் தறியில், பாதி நெய்த பட்டின்மேல், புருஷன் கண்ணெதிரே நிறுத்தினாள்.

"இத்த நீங்க தூக்கினு வாங்க" என்றாள்.